செவ்வாய்க்கிழமை மதியம் டெசர்ட் கடைக்குப் போய்ப் பாருங்கள்

புதிதாக ஒரு டெசர்ட் கடை திறந்தால் முதல் வாரம் நான் அந்தப் பக்கமே போவதில்லை. பலூன் கட்டியிருப்பார்கள், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பார்கள், முதலாளியே வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுவார், சரக்கு எல்லாம் முந்தின நாள்தான் இறங்கியிருக்கும். அன்றைக்கு எந்தக் கடையும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மாதமோ இரண்டு மாதமோ போகட்டும் என்று விட்டுவிட்டு, ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போவேன். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் கிண்ணத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள் பாருங்கள், அதுதான் அந்தக் கடையின் உண்மையான ஐஸ்கிரீம்.

போன ஒரு வருடத்தில் இப்படிப் பதினோரு கடைகள் ஏறி இறங்கியிருக்கிறேன். எந்தக் கடையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நடுத்தர அளவு நகரம் எதிலும் இப்போது இதே மாதிரி கடைகள்தான் வரிசையாக முளைக்கின்றன, அதனால் இந்த வகைக் கடைகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன், எங்கே இருப்பவருக்கும் பயன்படட்டும்.

பெரிய நகரத்தில் ஒரு கடை சுமாராக இருந்தாலும் தினம் தினம் புது ஆள் வந்துகொண்டே இருப்பார், ஏமாந்துபோனவர் திரும்பி வராவிட்டாலும் வியாபாரம் ஓடும். நடுத்தர நகரத்தில் அந்தக் கதை நடக்காது. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை வந்து பார்த்துவிடுவார்கள், அதற்கு மேல் கல்லாவில் விழுவது முழுக்கத் திரும்பி வருகிறவர்களின் காசுதான். சுற்றியிருக்கும் சின்ன ஊர்க்காரர்கள் துணி எடுக்க, சினிமா பார்க்க என்று வருவார்கள், உண்மைதான். வில்லியம் ரைலி என்ற அமெரிக்கர் 1931-இல் இதை ஒரு கணக்காகவே எழுதிவைத்தார்: நகரத்தின் மக்கள்தொகை கூடக்கூட அதன் இழுப்பு கூடும், தூரம் கூடினால் அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுப்பு குறையும். ஆனால் அப்படி இழுக்கப்பட்டு வருகிறவர்கள் வருவது சனி, ஞாயிறு. திங்கள் முதல் வியாழன் வரை கடை காலியாகக் கிடக்கும். அந்த நாலு நாளும் ஃப்ரீசருக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கடைகளைப் பற்றி நான் சொல்ல வந்த விஷயமே.

ஐஸ்கிரீம் என்பது உறைந்த பால் மட்டுமில்லை. கொழுப்பு, காற்றுக் குமிழ்கள், பொடிப்பொடியான பனித்துகள்கள், இவற்றுக்கு நடுவே உறையாமல் நிற்கும் சர்க்கரைப் பாகு, எல்லாம் சேர்ந்த ஒரு நுரை. பனித்துகள் 50 மைக்ரானுக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்கும்வரை நாக்குக்கு வழவழப்பாகத் தெரியும், அதைத் தாண்டினால் நறநற என்று உறுத்தத் தொடங்கும். தயாரிக்கும்போது கடைந்துகொண்டே உறைய வைப்பதால்தான் துகள்கள் பொடியாக இருக்கின்றன. கடைக்கு வந்த பிறகு, மூடியைத் திறந்து திறந்து மூடும்போதோ, மின்சாரம் போய் வரும்போதோ, ராத்திரி செலவு மிச்சம் என்று யாராவது குளிரைக் குறைத்து வைக்கும்போதோ, சின்னத் துகள்கள் உருகிவிடும். மறுபடி குளிரும்போது அந்தத் தண்ணீர் தனியாக உறையாது, பக்கத்தில் இருக்கும் பெரிய துகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் பெரியது இன்னும் பெரிதாகும், திரும்பச் சின்னதாகவே ஆகாது. சேமித்து வைக்கும் ஃப்ரீசர் கழித்தல் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும், எடுத்துக் கொடுக்கும் கண்ணாடிப் பெட்டி கழித்தல் 12 முதல் 15 வரை இருக்கலாம், அப்போதுதான் கரண்டி இறங்கும். அந்தக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு டப்பா பத்து நாள் உட்கார்ந்திருந்தால் அது சனிக்கிழமை சாப்பிட்ட ஐஸ்கிரீம் இல்லை, பெயர் மட்டும்தான் அதே பெயர்.

ஒரு கடையில் காபி ஐஸ்கிரீம் வாங்கினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தபோதே டப்பாவின் ஓரத்தில் ஐஸ்கிரீம் சுவரைவிட்டுச் சுருங்கி விலகியிருந்தது, மேல்தோல் காய்ந்து நடுவில் இருப்பதைவிட ஒரு நிறம் கறுத்திருந்தது. சரி, உள்ளே நன்றாக இருக்கும் என்று நினைத்து ஒரு வாய் வைத்தேன். முதலில் சில்லென்று உறுத்தியது கரைந்து போயிற்று, ஆனால் அதற்குப் பின்னாலும் நாக்கில் பொடி மணல் மாதிரி ஒன்று நின்றது. மேலண்ணத்தில் நாக்கை வைத்துத் தேய்த்தால் கரகர என்கிறது, கரைய மாட்டேன் என்கிறது. பனித்துகள் என்றால் வாய்ச்சூட்டில் உடனே போய்விடும், இது பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை பிரிந்து படிகமாகிவிட்டதன் அடையாளம். சூடும் குளிருமாக மாறிமாறிப் பட்டு, நாள் கணக்கில் கிடந்த ஐஸ்கிரீமில்தான் இது பெரும்பாலும் வரும். கல்லாவில் இருந்தவரிடம் சொன்னேன். "எல்லாரும் இதைத்தான் சாப்பிடுறாங்க, யாரும் எதுவும் சொன்னதில்லையே" என்றார். யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் அடுத்த தடவை வேறு கடைக்குப் போவார்கள். அந்தக் கடை இப்போது இல்லை.

இன்னொரு கடையில் கிட்டத்தட்ட இதே புகாரைச் சொன்னபோது, அங்கே நின்ற பையன், இருபது வயதுகூட இருக்காது, ஒரு குட்டிக் கரண்டியில் எடுத்துத் தானே வாயில் வைத்துப் பார்த்தான். இரண்டு விநாடி யோசித்தான். "ஆமாக்கா, சரியில்லை" என்று சொல்லிவிட்டு அந்த டப்பாவை அப்படியே தூக்கி உள்ளே கொண்டுபோனான். வேறு ஒன்று கொடுத்தான், காசு வாங்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், அந்தக் கடையில் ஒவ்வொரு டப்பாவின் விளிம்பிலும் காகித டேப் ஒட்டி, திறந்த தேதியைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். அங்கே மொத்தம் பதினாலு வகைதான். முதலில் இவ்வளவுதானா என்று தோன்றியது. இப்போது அந்தப் பதினாலுதான் அந்தக் கடையின் பலம் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் வகை கூடக்கூட ஒவ்வொரு டப்பாவும் காலியாக ஆகும் நாள் நீளும். பாஸ்கின் ராபின்ஸ் என்ற அமெரிக்க ஐஸ்கிரீம் நிறுவனம் 31 வகை என்று வைத்ததற்கு மாதத்தில் ஒரு நாளுக்கு ஒன்று என்பதுதான் கணக்கு, கூட்டம் இருக்கும் இடத்தில் அது அழகான யோசனை. கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமைகளை வைத்துக்கொண்டு நாற்பது வகை அடுக்குகிற கடையில், வெனிலாவும் சாக்லேட்டும் மட்டும் புதிதாக இருக்கும், மற்ற முப்பத்தெட்டும் கிழடு தட்டிப்போயிருக்கும். நாற்பது வகைப் பலகையைப் பார்த்தால் எது நிறையப் போகிறது என்று கேட்டு அதையே வாங்குங்கள். பிஸ்தா கிளிப்பச்சையாக மின்னினால் நிறம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அசல் பிஸ்தா அரைத்தால் மங்கலான பழுப்பு கலந்த பச்சைதான் வரும்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். ஐஸ்கிரீமில் காற்று வேண்டும், அது இல்லாவிட்டால் பனிக்கட்டிதான். ஆனால் எவ்வளவு காற்று என்பதில்தான் உங்கள் காசு இருக்கிறது. கலவை அளவுக்குச் சமமாகக் காற்றை ஏற்றினால் ஒரு லிட்டர் கலவை இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் ஆகிவிடும். அமெரிக்காவில் ஐஸ்கிரீம் என்று பெயர் போட வேண்டுமானால் 10 சதவீதமாவது பால் கொழுப்பு இருக்க வேண்டும், ஒரு காலன் 4.5 பவுண்டுக்குக் குறையக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 540 கிராம். வீட்டுக்கு வாங்கிப்போகும் அரை லிட்டர் டப்பாக்களை நான் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கடையுடையது டப்பா எடை கழித்து 290 கிராம், இன்னொரு கடையுடையது 410 கிராம். டப்பா ஒரே அளவு, கொடுத்த காசும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 290 கிராம் என்பது அந்தச் சட்டத்தின்படிகூட தப்பில்லை, லேசாக இருப்பது பிடித்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் பெட்டி மேல் கெட்டியான ஐஸ்கிரீம் என்று எழுதிவிட்டு இவ்வளவு காற்றை விற்பது எனக்கு ஏற்கவில்லை. இன்னொன்று, தாவர எண்ணெயில் செய்ததைப் பல நாடுகளில் ஐஸ்கிரீம் என்று சொல்லாமல் ஃப்ரோசன் டெசர்ட் என்று போடுவார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை, நன்றாகச் செய்கிறவர்களும் உண்டு. சாப்பிட்டு முடித்த பிறகு மேல்வாயில் மெழுகு பூசின மாதிரி நின்றால் எந்தக் கொழுப்பு என்று கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

சாஃப்ட் சர்வ், அதாவது இயந்திரத்திலிருந்து குழைவாக வரும் ஐஸ்கிரீம், எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்குப் பெயர்போன அமெரிக்கச் சங்கிலிக் கடையான டெய்ரி குவீன் முதல் கடையைத் திறந்தது 1940-இல், இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில். பெரிய நகரமில்லை, நடுத்தர ஊர்தான். கழித்தல் 18-இல் கல்லாகக் கிடப்பதை வெட்டிக் கொடுக்காமல், கழித்தல் 6 டிகிரி சுமாரில் இயந்திரத்திலிருந்து அப்படியே சுருட்டிக் கொடுப்பதில் வேறு ஒரு ருசி இருக்கிறது, அவ்வளவு குளிர் இல்லாததால் நாக்கு மரத்துப்போகாது, பால் வாசனை முழுதாகத் தெரியும். ஆனால் இங்கேதான் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். அந்த இயந்திரத்தின் மேலே திரவக் கலவை நிற்கிறது, உள்ளே குழாய், வால்வு, ரப்பர் வளையம் என்று கழற்றிக் கழுவ வேண்டிய பாகங்கள் எத்தனையோ. கழுவாமல் விட்டால் லிஸ்டீரியா மாதிரிக் கிருமிகள் அந்தக் குளிரிலேயே தங்கிக்கொள்ளும், கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அது நிஜமான ஆபத்து. எப்போது கழுவுவீர்கள் என்று கேட்டேன், பல கடைகளில். ஒரு கடையில் "தினமும் ராத்திரி" என்று ஒரு பெண் உடனே சொன்னார், சொல்லும்போதே மூக்குக்குழாயின் அடியைக் காட்டினார், துளி ஒட்டவில்லை. இன்னொரு இடத்தில் குழாய் வாயில் காய்ந்துபோன மஞ்சள் வளையம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன். மதியம் போனபோது இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஒரு மணி நேரம் ஆகும் என்று சொன்ன கடை ஒன்றும் உண்டு. பக்கத்தில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தக் கடைமேல் மரியாதை வந்தது, காத்திருந்து வாங்கிச் சாப்பிட்டேன்.

வாஃபிள், பிரவுனி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாஃபிள் கடையிலேயே சாப்பிட வேண்டியது. மூடிய டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும், அரை மணி நேரத்தில் துவண்டுபோகும். டப்பாவில் நாலு ஓட்டை போட்டுக் கொடுக்கிற கடைக்கு ஒரு நட்சத்திரம் கூடவே தருவேன். கேக் விஷயத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் வெட்டிய முகத்தைப் பாருங்கள், ஓரம் காய்ந்து விரிசல் விட்டிருந்தால் வேண்டாம். க்ரீம், சீஸ் வைத்ததைக் குளிரில்தான் வைக்க வேண்டும், ஆனால் வெறும் வெண்ணெய்க் கேக்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் வெண்ணெய் இறுகி, மாவுச்சத்தும் சீக்கிரம் விறைத்து, ஈரம் இருந்தாலும் உலர்ந்த மாதிரியே இருக்கும். பதினோரு கடையில் இரண்டே இரண்டு கடைக்காரர்கள்தான் "கொஞ்ச நேரம் வெளியே வைத்துச் சாப்பிடுங்க" என்று தாங்களாகவே சொன்னார்கள்.

அலங்காரம், ஒளிரும் எழுத்துச் சுவர், ஊஞ்சல் நாற்காலி எல்லாம் படம் எடுக்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். முதுகு சாயும் நாற்காலி குறைந்தது இரண்டு இருக்கிறதா, கை கழுவ இடம் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் கேட்காமல் வருகிறதா என்று பார்ப்பேன். இனிப்புக் கடைக்கு முக்கால்வாசிப் பேர் குழந்தையோடும் பெரியவர்களோடும்தான் வருகிறார்கள், உயரமான முக்காலியில் ஏறி உட்கார என் அம்மாவால் முடியாது.

குழந்தை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் அக்கா மகளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. ஒரு கடையில் இதைத் தெளிவாகச் சொல்லித்தான் ஸ்ட்ராபெர்ரி கேட்டோம். எடுத்துக் கொடுத்தவர் அதற்கு முன்னால் வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவில் வைத்த அதே கரண்டியை, தண்ணீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு, இதிலும் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் வாய்க்குப் போவதற்குள் கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டேன். கரண்டி நிற்கும் அந்தத் தண்ணீரில் எல்லா டப்பாவின் எச்சமும் கலந்திருக்கும், அதில் முக்குவது கழுவுவதாகாது. ஓடும் தண்ணீர் வேண்டும், ஒவ்வாமை என்று சொன்னால் புதுக் கரண்டியும் திறக்காத டப்பாவும் வேண்டும். அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை, சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஆனால் இவ்வளவு வேகமாகக் கடைகள் திறக்கும்போது, இயந்திரம் வாங்கச் செலவழிக்கும் முதலாளிகள் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம்கூடச் செலவழிப்பதில்லை, இதற்காகத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

அப்புறம் இந்த வளர்ச்சி. ஏன் எல்லாக் கடையும் ஒரே தெருவில் வந்து குவிகிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹாரால்ட் ஹோட்டலிங் என்ற பொருளாதார அறிஞர் 1929-இல் எழுதிய கட்டுரைக்கு விளக்கமாகப் பாடப்புத்தகங்களில் கடற்கரையில் நிற்கும் இரண்டு ஐஸ்கிரீம் வண்டிகளைச் சொல்வார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்றால் வாங்குகிறவர்களுக்கு நடை மிச்சம், ஆனால் ஒருவர் ஆளைப் பிடிக்க இன்னொருவர் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் இரண்டு வண்டியும் நடுவிலேயே ஒட்டி நிற்கும். நடுத்தர நகரத்தில் துணிக்கடையும் தியேட்டரும் இருக்கும் தெருதான் அந்த நடு. பக்கத்துப் பகுதியில் இருக்கிறவர்கள் எப்போதும்போல வண்டி எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். வீடுகள் நிறைந்த பகுதியில் நம்பிக்கையாக ஒரு கடை போட்டவர் ஒருவர் இருக்கிறார், வார நாளிலும் அவர் கடையில் சாயங்காலம் நாலு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.

ஒரே பண்டத்தை நம்பித் திறக்கும் சங்கிலிக் கடைகளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். நியூயார்க்கில் 2003-இல் கப்கேக்கை வைத்துத் தொடங்கிய க்ரம்ப்ஸ், 2011-இல் பங்குச் சந்தைக்கே போனது, 2014 ஜூலையில் கடைகளை ஒரே நேரத்தில் இழுத்து மூடியது. பெயர் வாடகைக்கு எடுத்து நடத்தும் ஃப்ராஞ்சைஸ் கடைகளும் இப்போது நிறைய. ஐஸ்கிரீமும் தேநீரும் விற்கும் சீனத்து மிஷ்வே 1997-இல் ஜெங்ஜோவில் தொடங்கி, 2024 முடிவதற்குள் 45,000 கடைகளைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி சின்ன, நடுத்தர நகரங்களில். நிறுவனத்துக்கு வருமானம் பெரும்பாலும் கடைக்காரர்களுக்குப் பொருளும் இயந்திரமும் விற்பதில் வருகிறது. இந்த ஏற்பாட்டில் ருசி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும் என்பது நல்லது, கடை ஓடாவிட்டால் முதலில் அடிபடுவது உள்ளூரில் காசு போட்டவர் என்பதையும் மறக்க முடியாது. என் பதினோரு கடையில் நாலு இந்த வகை. சுத்தத்துக்கு நல்ல மதிப்பெண், ருசிக்கு நடுத்தரம்.

நடுத்தர ஊர் என்றால் பெரிய ஊரைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பென் அண்ட் ஜெர்ரிஸ் என்ற அமெரிக்க ஐஸ்கிரீம் நிறுவனம் தொடங்கியது 1978-இல், வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டன் என்ற சின்ன நகரத்தில், பழைய பெட்ரோல் பங்க் ஒன்றைப் புதுப்பித்து. தொடங்கியவர்களில் ஒருவரான பென் கோஹனுக்கு வாசனை சரியாகத் தெரியாது, அதனால் வாயில் கடிபட வேண்டும் என்று பெரிய பெரிய துண்டுகளைப் போடச் சொன்னார், அதுவே அவர்கள் அடையாளம் ஆயிற்று. குக்கீக்குப் பெயர் வாங்கிய க்ரம்பிள் 2017-இல் தொடங்கியதும் யூட்டாவில் லோகன் என்ற ஊரில்தான். இரண்டு பேருக்கும் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள்.

சரி, என் மதிப்பெண். பதினோரு கடையில் இரண்டு மூடியாயிற்று. ஐந்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க முடியாதவை ஐந்து, அவற்றில் மூன்று ஃப்ரீசரைச் சரியாக வைத்துக்கொண்டாலே மூன்றுக்கு வந்துவிடும். நான் திரும்பத் திரும்பப் போவது நாலு: சாஃப்ட் சர்வ் இயந்திரத்தைப் பகலில் கழற்றிக் கழுவும் கடை, வீடுகளுக்கு நடுவே இருக்கும் கடை, வாஃபிள் டப்பாவில் ஓட்டை போடும் கடை, மூன்றுக்கும் ஐந்துக்கு நாலு. நாலாவது, அந்தப் பதினாலு வகைக் கடைக்கு நாலரை. அரை நட்சத்திரத்தைக் குறைத்தது உட்காரும் இடத்துக்காக, முதுகு சாயும் நாற்காலி ஒன்றுகூட இல்லை, அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

போன செவ்வாய் அங்கே போனபோது காபி டப்பாவின் டேப்பில் திங்கள் தேதி இருந்தது, நறநறப்பு இல்லை. பதினாலில் ஒன்றை எடுத்துவிட்டுப் பால் சேராத எலுமிச்சை ஐஸ் வைக்கலாமா என்று அந்தப் பையன் கேட்டான், எதை எடுப்பது என்று முடிவாகவில்லையாம். பபுள்கம் என்று சொன்னேன். ஒரு பழைய ரசீதின் பின்புறம் எழுதிவைத்துக்கொண்டான், அதில் ஏற்கெனவே நாலைந்து பேர் சொன்னதும் இருந்தது.